ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில்

புதிய தடுப்புக்காவல் மசோதாவின் மேல் மாசிலாமணிக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் பேச வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பேரவைத் தலைவர் சொல்லிவிட்டார், ஆனால் ஐந்து என்பது ஆளுங்கட்சிக்கு எட்டு, எதிர்க்கட்சிக்கு மூன்றரை, எங்கேயும் எழுதி வைக்காத விதி அது, எப்படிப் பார்த்தாலும் இருபது நிமிடம் ஓடும், அதுவரைக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்ய வேண்டியதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து சொந்தக் கட்சிக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் மேசையைத் தட்டுவதுதான். அவரும் தட்டினார். கை பாட்டுக்குத் தட்டியது, மனசு பாட்டுக்கு மாடியில் பார்வையாளர் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசை, தூணை ஒட்டிய இருக்கை. அங்கே கறுப்புத் துப்பட்டாவில் சபுரா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வர அனுமதிச் சீட்டு கொடுத்தவர் இவரேதான். கேட்டாள், கொடுத்தார். கேட்டால் கொடுத்துவிடக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது. கீழே அவையில் இவருடைய பக்கத்து இருக்கைக்காரர் டீ குடிக்க எழுந்து போய்ப் பத்து நிமிடம் இருக்கும், அவருடைய மஞ்சள் துணிப்பை இருக்கைக்கு அடியில் கிடந்தது. ஆள் இல்லாத பை. மாசிலாமணி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். உள்ளே முறுக்குப் பொட்டலமும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்த மனிதர் ஊருக்கே தெரிந்த தின்னிப்பண்டாரம். இருந்தும் காலை அதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பயம் அவரை விட்டபாடில்லை. ரயிலடியில், கல்யாண மண்டபத்தில், கோயில் வாசலில், எங்கே ஆளில்லாத பையைக் கண்டாலும் அவர் நின்றுவிடுவார், கூட வருகிறவர்கள் அண்ணன் செருப்பு மாட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சந்தைப்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் அன்றைக்குக் கிடந்து வெடித்ததும் பைதான். காலை பத்தேகால். தம்பி அருணகிரி மகளுக்குச் சீருடைத் துணி எடுக்கப் போனவன். ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை, காதோரம் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததை வைத்துத்தான் மாசிலாமணி இவன்தான் என்று கையெழுத்துப் போட்டார். சின்ன வயசில் கிட்டிப்புள் ஆடும்போது அவர் அடித்த அடியில் விழுந்த தழும்பு அது. அன்றைக்கு அப்பாவிடம் தான் அடிக்கவே இல்லை என்று சாதித்தவர், பிணத்தின் பக்கத்தில் நின்று அதே தழும்பை இது நான் போட்டது என்று சொல்ல வேண்டி வந்தது. அதற்கப்புறம் கட்சி அவரைக் கண்டுபிடித்தது. பாதுகாப்பு, பயங்கரவாதம் என்று எந்தத் தீர்மானம் வந்தாலும் மாசிலாமணியைக் கூப்பிடு, அவருக்கு ஒரு தம்பி போயிருக்கிறான் என்பார்கள். அவரும் பேசுவார், பொய்யாகப் பேசியதில்லை. மனித உரிமை என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்க்கட்டும் என்று மேடைக்கு மேடை சொன்னார், மனசார நம்பித்தான் சொன்னார். இப்போதும் அதில் மாற்றமில்லை. வெடிக்கும் முன்னால் பிடிக்க வேண்டும், வெடித்த பிறகு பிடித்து என்ன புண்ணியம், அதற்குக் கொஞ்சம் கையை நீட்டிப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நீட்டின கை யாரைப் பிடித்தது? அங்கேதான் எண்ணம் வந்து இடறும். தம்பி வழக்கில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற ஒரு ஆளைப் பிடித்தார்கள். ஒன்பது வருஷம் உள்ளே வைத்தார்கள். ஒன்பது வருஷமும் மாசிலாமணி அந்த ஆளை வெறுத்தார், சாப்பிடும்போது வெறுத்தார், தூங்கப் போகும்போது வெறுத்தார், வெறுப்பு ஒரு வேலையைப் போல ஒழுங்காக நடந்தது. கடைசியில் இவன் இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. அந்த ஆளை ஒரு தடவை டீக்கடையில் பார்த்தார். இவரைக் கண்டதும் அவன் எழுந்து பெஞ்சில் இடம் விட்டான். மரியாதையா பயமா தெரியவில்லை. அவரும் உட்கார்ந்தார், டீயைக் குடித்தார், காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். ஒன்பது வருஷத்து வெறுப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாரிடம் கேட்பது, அதற்கு எந்தத் துறையில் மனுக் கொடுப்பது?

மேசை தட்டும் சத்தம். அவரும் தட்டினார், ஒரு விநாடி பிந்திவிட்டது. இன்னும் இரண்டு பேர். முன்னால் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த மைக். பேச அனுமதி கிடைத்தால் அதன் கழுத்தில் சிவப்பு வளையம் எரியும், இல்லையென்றால் எரியாது, எரிய வைப்பதும் அணைப்பதும் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆள். கனி பார்த்தால் சிரிப்பான். என்னண்ணே இது, பேசுற ஆள் மூஞ்சியைப் பார்க்காம எப்படிண்ணே சவுண்டு வைக்கிறது என்பான். நாகூர்கனி, சபுராவின் புருஷன். சோலைப்பேட்டையில் கனி சவுண்ட் சர்வீஸ் என்றால் காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரைக்கும் அவன்தான். பதினோரு வருஷமாக மாசிலாமணியின் குரலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். அவர் கோபப்படப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும் முன்னால் அவனுக்குத் தெரியும், கை ஒலித் திருகாணியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடும். அண்ணே, நாலு விரக்கடை தள்ளி நில்லுங்க, எச்சில் தெறிக்குது, என்பான் கூட்டத்துக்கு நடுவே. மைக் படுத்துவிட்டால் எப்படிப் பேச வேண்டும் என்றும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான், தொண்டையிலேர்ந்து கத்தாதீங்க, தொப்புள்ளேர்ந்து எடுங்க. இன்றைக்கு அவன் சிறையில் இருக்கிறான். நாற்பத்தோரு நாள் ஆகிறது. குற்றச்சாட்டு இதுதான்: எட்டு மாதத்துக்கு முன்னால், தேர்தல் பரப்புரையின் கடைசி நாள் மாலை ஆறேமுக்காலுக்கு, ஊருக்கு வெளியே ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் வெடிபொருள் பதுக்கத் திட்டம் போட்டவர்களோடு அவன் இருந்தான். அவன் சொல்வதோ இது: அந்த நேரத்தில் நான் மாசிலாமணியண்ணன் கூட்டத்தில் மைக்செட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தான். மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பரப்புரை ஆறு மணியோடு ஓய வேண்டும் என்பது விதி, ஆறு மணிக்கு மேல் வேட்பாளர் ஒரு வார்த்தை ஒலிபெருக்கியில் பேசக் கூடாது. நாட்டில் எந்த வேட்பாளர் ஆறுக்கு நிறுத்தினார்? தெருமுனை ஒன்று பாக்கி இருந்தது, நெசவாளர் காலனி, முந்நூறு ஓட்டு. பேசினார். நன்றாகப் பேசினார். ஏழரைக்குத்தான் கனி வயரைச் சுருட்டினான். முந்நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். தோற்றவன் சும்மா இருப்பானா, புகார் கொடுத்தான், அப்புறம் கோர்ட்டுக்கும் போனான், வழக்கு நடக்கிறது. புகாருக்கு இவர் எழுதிக் கொடுத்த பதில், லெட்டர் பேடில், கையெழுத்தும் முத்திரையுமாக: 'மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி அணைக்கப்பட்டு, கருவிகள் உடனடியாக அகற்றப்பட்டன.' கோர்ட்டில் அதையே பிரமாண வாக்குமூலமாகவும் கொடுத்தார். எல்லாரும் எழுதுகிற வரிதான். தாசில்தார் ஆபீஸில் கேட்டால் மாதிரியே கொடுப்பார்கள், தேதியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அந்த வரி ஒருநாள் நடந்து நடந்து கனியின் வீட்டுக்குப் போகும் என்று யார் கண்டது? தடுப்புக்காவல் ஆணையோடு அவனுக்குக் கொடுத்த ஆவணங்களில் ஏழாவது ஆவணம் அந்தக் கடிதம். ஆறு மணிக்கே மைக்செட் கழற்றப்பட்டுவிட்டது என்று சட்டமன்ற உறுப்பினரே எழுத்துமூலம் சொல்லியிருப்பதால், மேற்படி நபர் ஆறேமுக்காலுக்குக் கிட்டங்கிக்குப் போய்ச் சேரப் போதுமான அவகாசம் இருந்தது என்கிறது ஆணை. அந்தத் தாளைத்தான் சபுரா நேற்றுக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டி அனுப்பியிருக்கலாம். நாளை மறுநாள் அறிவுரைக் கழகம் கூடுகிறது, மூன்று பேர் உட்கார்ந்து இவனை உள்ளே வைக்கலாமா விடலாமா என்று பார்ப்பார்கள், அங்கே காட்ட ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள் அண்ணே, கூட்டம் எத்தனை மணிக்கு முடிந்தது என்று மட்டும். அவ்வளவுதான் கேட்டாள். பார்க்கலாம்மா என்றார். உதவியாளர் வரதன் அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினான். அந்த வரியை எழுதிக் கொடுத்தால் பதவி போவது மட்டுமில்லை, கோர்ட்டில் பொய்ப் பிரமாணம் கொடுத்ததற்கு உள்ளே போகவும் வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். கடைசியாகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான். அண்ணே, நல்லா இருக்கிற காலத்துல நாமளா போயி ஏழரையைக் கூப்பிடலாமா?

ஏழரை. சனி பிடித்தால் ஏழரை வருஷம், வம்பு வந்தால் ஏழரை, ஆகாதவன் வாசல் ஏறினால் வந்துருச்சுடா ஏழரை. நேற்றிலிருந்து அந்த வார்த்தை வாயிலே மாட்டின மீன்முள் மாதிரி இருக்கிறது, துப்பவும் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சாதாரண நேரம்தானே அது, ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை, சின்னப் பிள்ளை சொல்லும். எழுதிப் பார்க்கலாம் என்று காலையில் பேடை எடுத்தார், தேதியைப் போட்டார், பேனா நின்றது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார், தண்ணீர் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. இப்போது பேசுகிறவர் மசோதாவின் பிரிவு ஆறைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், மாசிலாமணியும் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பிரிவு ஆறு என்ன சொல்கிறது? தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு, பாதுகாப்பு நலன் கருதி, ஆவணங்களைக் காட்டத் தேவையில்லை. அதாவது இந்தச் சட்டம் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏழாவது ஆவணம் கனியின் கைக்கே போயிருக்காது, சபுரா கண்ணில் பட்டிருக்காது, அவள் நேற்று வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள். அவரும் நிம்மதியாக உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த நினைப்பு வந்தபோது முதலில் ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை அவர் மறைக்கப் பார்க்கவில்லை, யாருக்கு மறைக்க? அப்புறம்தான் கூச்சம் வந்தது. சட்டத்தைத் தம்பிக்காகத்தான் கேட்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்தேனே. வாட்ச் ரிப்பேர்காரனுக்கும் இப்படி ஒரு ஏழாவது ஆவணம் இருந்திருக்குமோ? எவனோ ஒரு பெரிய மனுஷன், தன் வேலை கெடக் கூடாதென்று எழுதிக் கொடுத்த வரி? எவனோ என்ன எவனோ. என்னை மாதிரி ஒருத்தன்தான் என்று அவர் நினைத்தார், நினைத்ததும் டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி வந்து மஞ்சள் பையை மடியில் தூக்கி வைத்து, முறுக்கு வேணுமாண்ணே என்று கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சிவப்பு வளையம் எரிந்தது. எழுந்தார், பழக்கம், நாலு விரக்கடை தள்ளி நின்றார். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்று தொடங்கியதும் குரல் தானாகப் பிடித்துக்கொண்டது, அந்தக் குரலுக்கு இவர் தயவு தேவையில்லை, அது பாட்டுக்குப் போகும். தலைமைக்கு நன்றி சொன்னது, அருணகிரியைச் சொன்னது, ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னது, சபை அமைதியானது, எதிர்வரிசையில்கூட ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் அந்தக் குரலை வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தாளில் அடுத்த வரி, 'பிரிவு ஆறு இந்தச் சட்டத்தின் உயிர்நாடி.' வரதன் எழுதியது, பெரிய எழுத்தில். ஆறு என்றார். நின்றார். ஆறு என்ற வார்த்தைக்குப் பின்னால் வேறொரு மாலை வெயில் இருந்தது, நெசவாளர் காலனி, தறிச்சத்தம் நின்று பெண்கள் வாசலுக்கு வந்தது, கனி கைக்கடிகாரத்தைக் காட்டி அண்ணே ஆறு ஆச்சு என்றது, இவர் கையை ஆட்டிப் பேசாம இருடா என்றது, அவன் சிரித்துக்கொண்டே திருகாணியை ஏற்றியது. மாசிலாமணி மாடியைப் பார்த்தார். சபுராவும் பார்த்தாள்.

"ஆறு இல்லை," என்றார். "ஏழரை."

எதிர்வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. ஆளுங்கட்சி உறுப்பினரே பிரிவு ஆறை ஏழரை என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்று ஒருவர் எழுந்து கத்தினார், மேசைகள் அதிர்ந்தன, இந்தத் தடவை தட்டியது அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முறுக்குக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். மாசிலாமணிக்கு முதலில் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை, உலகத்தில் மிகச் சாதாரணமான ஒரு நேரத்தைச் சொன்னால் இருநூறு பேர் ஏன் சிரிக்கிறார்கள்? விளங்கியபோது அவருக்கே சிரிப்பு வரும்போல இருந்தது. பேரவைத் தலைவர் மணியை அடித்தார். உறுப்பினர் எந்தப் பொருளில் அந்தச் சொல்லைச் சொன்னார் என்பதை அவையில் விளக்கலாம் என்றார், கருணையாகத்தான் சொன்னார். சிவப்பு வளையம் எரிந்துகொண்டே இருந்தது. எங்கோ ஒரு அறையில் முகம் தெரியாத அந்த ஆள் இவருக்காகக் காத்திருந்தான். எதிர்வரிசை சிரிப்பை நிறுத்திக் காது கொடுத்தது. இதைவிட நல்ல இடம் இல்லை, இதைவிட நல்ல நேரம் இல்லை, ஒரு வாக்கியம் போதும், அந்த வாக்கியம் முழுசாகத் தயாராக நாக்கின் மேல் இருந்தது. மேலே சபுரா பாதி எழுந்துவிட்டாள், காவலர் உட்காரும்படி சைகை காட்டினார், அவள் உட்காரவில்லை. முந்நூற்றுப் பதினொன்று என்ற எண் மாசிலாமணியின் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"வாய் தவறி வந்துவிட்டது, மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே."

அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார் தலைவர். மிச்ச உரையை அவர் படித்து முடித்தார், உயிர்நாடியும் வந்தது, நன்றி வணக்கமும் வந்தது. உட்கார்ந்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஏற்போர் ஆம் என்க என்ற குரல் கேட்டது. இதற்கு மைக் கிடையாது, வெறும் வாய்தான். ஆம் என்றார். பதறிப்போயிருந்ததால் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது, தொப்புளிலிருந்து வந்தது, முன்வரிசைக்காரர் ஒருவர் இப்போது திருப்தியாகத் தலையாட்டினார். மறுப்போர் இல்லை என்க. ஏற்போர் அதிகம். நிறைவேறியது.

சாப்பாட்டுக்குச் சபை கலைந்து வெளியே வந்தபோது சபுரா தூணோரமாக நின்றிருந்தாள். அனுமதிச் சீட்டை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள், திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார், சாப்பிட்டாயாம்மா என்பதுதான் வந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏழரைன்னு சொன்னீங்கண்ணே."

குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் அம்மா என்றார் அவர், ஏதோ அவளுக்கு ஆறுதல் சொல்வது மாதிரி.

"பேப்பர்லேர்ந்துதானே எடுத்தாக, நான் கேட்டேன்ல. நாளைக்கு அந்த மூணு பேர்கிட்டப் போயி, அண்ணன் தன் வாயாலயே சொன்னாகன்னு சொல்லப் போறேன். உங்களையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுவேன். வாய் தவறிருச்சுன்னு அங்கயும் வந்து சொல்லுங்க. எங்க வீட்டுக்காரவுகளும் அங்கதான் இருப்பாக, அவுக மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

குரலை உயர்த்தவே இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் வைத்துவிட்டு வந்த பையை வாங்கப் போய்விட்டாள். பேசுகிற ஆளின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பான் கனி, அதுதான் அவன் தொழில். பதினோரு வருஷம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கும் முன்னாலேயே என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மாசிலாமணி மடித்த சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வரதன் மூச்சிரைக்க ஓடிவந்தான். முன்வரிசை கோபமாக இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் தேடுகிறார்கள், எதுவும் பேசாமல் காரில் ஏறுங்கள் என்றான். அப்புறம் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த கறுப்புத் துப்பட்டாவைப் பார்த்தான்.

"அந்தம்மா என்னண்ணே கேக்குது?"

"மணி கேக்குது."

வரதன் தன் கடிகாரத்தைப் பார்த்தான், ஒண்ணேகால். "சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல," என்றார் மாசிலாமணி.